ஆறாம் படுக்கைப் புகார்

"அந்தப் பொண்ணு எங்க அப்பாவைத் தொடக் கூடாது. அவ்வளவுதான்."

டோரிஸ் வெல்லா மேசைமேல் வைத்த புகாரை, வார்டு பொறுப்பாளர் நோலீன் எடுத்துப் படித்தாள். கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று டோரிஸ். இன்னொன்று, இடுப்பெலும்பு முறிந்து ஆறாம் படுக்கையில் கிடக்கும் அவளுடைய அப்பா கார்மெலோ வெல்லா. பண்டபர்க் ஊர்ப் பக்கம் கரும்புத் தோட்டக்காரர். எண்பத்திரண்டு வயது.

குற்றம் வேறொன்றுமில்லை. நர்ஸ் டாலியாவின் இடது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பச்சை குத்தியிருக்கிறது. ஒரு முதலை, ரெண்டு கொண்டைக்கிளி, நடுவில் இலை தழை. போதாததற்கு மூக்கிலும் புருவத்திலும் துளை.

"எங்க அண்ணன் பத்தொன்பது வயசுல தோள்ல ஒரு நங்கூரம் குத்திக்கிட்டு வந்தான். அப்பா ரெண்டு வருஷம் அவன்கூட ஒரே மேசையில உக்காந்து சாப்பிடல. பச்சை குத்தினவங்க எல்லாம் உருப்படாத கூட்டம்னு சொல்லித்தான் எங்களை வளர்த்தாரு," என்றாள் டோரிஸ். பெருமையாகத்தான் சொன்னாள்.

நோலீனுக்கும் அந்தக் கை பிடிக்காதுதான். டாலியா சேர்ந்த அன்றே மூக்கு வளையத்தையும் புருவக் கம்பியையும் கழற்றச் சொன்னாள், அவளும் மறுபேச்சில்லாமல் கழற்றினாள். கையை என்ன செய்வது? முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துத் தொலை என்றாள். கிருமி தொற்றும், முழங்கைக்குக் கீழே துணியே கூடாது என்று ஆஸ்பத்திரிச் சட்டம் குறுக்கே வந்து நின்றது. ஆக, முதலை அது பாட்டுக்கு வார்டு முழுக்க உலாவிக்கொண்டிருந்தது.

இப்போது வெள்ளிக்கிழமையோடு டாலியாவின் தகுதிகாண் காலம் முடிகிறது. நோலீன் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

டோரிஸ் போனதும் நோலீன் கிழவரின் சார்ட்டைப் புரட்டினாள். இன்னொரு நர்ஸ் போகிற போக்கில் சொன்னது நினைவுக்கு வந்தது. வெல்லாவின் வலது புஜத்தில் தினமும் புதுப் பிளாஸ்திரி இருக்கிறதாம், டாலியாதான் ஒட்டுகிறாளாம். சார்ட்டிலோ புஜத்தில் காயம் என்று ஒரு வரிகூட இல்லை.

தூக்கி உட்கார வைக்கும்போது தோலைக் கிழித்து வைத்துவிட்டு, எழுதாமல் மறைக்கிறாளா? பச்சையை விட்டுத் தள்ளலாம், இதை விட முடியாது.

டாலியாவைக் கூப்பிட்டுப் புகாரை நீட்டினாள்.

"தெரியும். திங்கட்கிழமை என் கண்ணு முன்னாடிதான் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க," என்றாள் டாலியா.

"அது இருக்கட்டும். அந்தப் பிளாஸ்திரிக்கு அடியில என்ன?"

டாலியா மேசைமேல் இருந்த கையுறைப் பெட்டியை நேராக்கி வைத்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். காயமா?"

"காயம் இல்ல."

"பின்னே?"

"சொல்ல மாட்டேன், நோலீன். அவருக்கு வாக்குக் குடுத்துட்டேன். அவருக்குக் கெடுதல் ஒண்ணும் பண்ணல. நீங்க என்ன எழுதணுமோ எழுதிக்குங்க."

"வேலை போயிடும், புரியுதா?"

"புரியுது." டாலியா கண்ணைத் துடைத்துக்கொண்டு புகாரைத் திருப்பிக் கொடுத்தாள்.

நோலீன் விறுவிறுவென்று ஆறாம் படுக்கைக்குப் போனாள். டோரிஸ் காபி வாங்கக் கீழே போயிருந்தாள். நல்லதாகப் போயிற்று என்று திரையை இழுத்து மூடினாள். அவள் பார்வை போன இடத்தைப் பார்த்ததுமே கிழவர் புஜத்தைப் பொத்திக்கொண்டார்.

"கையை எடுங்க, மிஸ்டர் வெல்லா. காயம்னா நான் பார்த்தே ஆகணும்."

கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தார். பிறகு கையை எடுத்தார்.

நோலீன் பதமாக உரித்தாள். காயமும் இல்லை, கீறலும் இல்லை. உடம்பில் பொட்டுத் துணி இல்லாத ஒரு கடற்கன்னி, சுருக்கம் விழுந்த தோலில் ஒய்யாரமாகச் சாய்ந்திருந்தாள். வாலுக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'லொரெய்ன்' என்று பச்சை குத்தியிருந்தது.

"உங்க சம்சாரம் பேரு கொன்செட்டா இல்லையா?"

"இது கல்யாணத்துக்கு முந்தி," என்றார் கிழவர், காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில்.

மென்று விழுங்கி மீதியையும் சொன்னார். அறுபது வருஷம், கரும்பு வெட்டும் வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமலே ஓட்டிவிட்டாராம். செத்துப்போன சம்சாரத்தைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாதாம். இங்கே வந்தால் அரைக்கை அங்கியை மாட்டிவிட்டார்கள். உடம்பு துடைக்க வந்த டாலியாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். அன்றிலிருந்து, மகள் வருவதற்கு முன்னால் தினமும் வந்து ஒட்டிவிட்டுப் போகிறாளாம்.

நோலீனுக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்ணை என்னவெல்லாம் சந்தேகப்பட்டுவிட்டோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது. புகாரை நாலாக மடித்துப் பைக்குள் போட்டாள்.

"டாலியா இங்கதான் இருப்பா. வேலை நிரந்தரம்னு இன்னிக்கே எழுதிடறேன். உங்க மககிட்ட நீங்களே ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்குங்க."

கிழவர் தலையாட்டினார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க இந்தப் புகார்ல கையெழுத்துப் போட்டீங்களே, அதுக்கு மறுநாளும் வந்தாளா?"

"வந்துச்சு." கிழவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "வால் வெளியே தெரியுதுன்னு, அன்னிக்கு ஒரு சைஸ் பெரிசாவே ஒட்டிட்டுப் போச்சு."