கூப்பிடாமல் விட்ட ஆள்

சுவிஸின் வில் நகரில் நித்தியானந்தனின் வீட்டுக் குசினியில் அடுப்பிலிருந்து தீப்பிடித்து இரண்டு வாரமாகிவிட்டது. அணைக்க ஓடிவந்தவர்களுக்கு அன்று விருந்து. கை வெந்துபோன மேல்வீட்டுப் பேர்சிக்கு நடு இருக்கை.

"ஒருத்தரையும் விடேல்லைத்தானே?" குசினிக்குள்ளிருந்து கேட்டாள் மனைவி கஜலக்சுமி.

"எல்லாரையும் கூப்பிட்டாச்சு."

பேர்சியின் கைக்கட்டைப் பார்த்ததும், நித்தியானந்தனோடு வேலை செய்யும் சீனர் லின், ஜேர்மன் மொழியான டொச்சில் ஒரு கதை சொன்னார்.

"எங்கள் நாட்டில் ஒரு வீட்டில் புகைபோக்கி நேராக, பொறி பறக்கும்படி இருந்தது. பக்கத்திலேயே விறகு. 'புகைபோக்கியை வளைத்துக் கட்டு, விறகைத் தள்ளி வை' என்றார் வந்த ஒருவர். வீட்டுக்காரர் கேட்கவில்லை. தீப்பிடித்தது. அணைக்க வந்து தீயில் வெந்தவர்களை முன்னால் இருத்தி விருந்து வைத்தார். புத்தி சொன்னவரை மறந்துபோனார். இவ்வளவையும் நாங்கள் நாலே சீன எழுத்தில் சொல்லிவிடுவோம்."

நித்தியானந்தன் கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"எனக்கும் ஒராள் சொன்னதுதான். அடுப்புக்குப் பக்கத்திலை பழைய பேப்பர் கட்டுகளை வைக்கவேண்டாமெண்டு."

"ஆர், கீழ்வீட்டுச் சுவிஸ் மனுசியோ?" என்றார் பேர்சி. "போய்க் கூட்டிக்கொண்டு வரட்டோ?"

"இல்லை, நானே போறன்."

அவர் வாசல் பக்கம் போகவில்லை. குசினிக்குள் போய், கஜலக்சுமியின் கையிலிருந்த அகப்பையை வாங்கினார்.

"வந்து இரும். நான் பரிமாறுறன்."

அவள் அசையவில்லை. கண்ணால் அடுப்படியைக் காட்டினாள். அங்கே அவர் காலையில் கட்டிவைத்த பேப்பர் கட்டு இருந்தது.

"முதல்லை அதை எடுங்கோ. பிறகு வந்து இருக்கிறன்."