ஏழாவது வழக்கு

"கவலைய விடும்மா. ஜட்ஜ் தேவநாதன் ஐயா முன்னாடி கேசு வந்துட்டாலே பாதி ஜெயிச்ச மாதிரி," என்றார் வக்கீல் சவுரிராயன், லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தபடி.

ராணுவ வழக்குகளுக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருப்பது சென்னையில். விசாரணை மட்டும் வீடியோவில் திண்டிவனத்தில் இருக்கும் வக்கீல் ஆபீசுக்கே வந்துவிடுகிறது. கூட்டேரிப்பட்டில் தையல் கடையைச் சாத்திவிட்டு, வேணி எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். அவளுடையது ஏழாவது வழக்கு.

கணவன் ஹவில்தார் சகாயராஜ், பாதி லீவில் திரும்பக் கூப்பிட்டதும் ரயிலேறியவன். வழியிலேயே மாரடைப்பில் போய்விட்டான். 'இறக்கும்போது பணியில் இல்லை' என்று ஒரே வரியில் அவளுடைய சிறப்புப் பென்ஷன் மனுவை முடித்துவிட்டார்கள். அந்த வரியை அடிக்கச் சொல்லித்தான் நாலு வருஷமாக நடையாய் நடக்கிறாள்.

"வளவனூர்க்காரர் கேசு இதே மாதிரிதாம்மா. லீவுல போனாலும் சிப்பாய் சிப்பாய்தான்னு ஒரே போடா போட்டாரு."

"தெரியும் சார். போன வருஷம் ஆடி மாசம். காலு போன டிரைவர் ஒருத்தர் வந்தப்போ, நிக்க வேணாம்னு நாற்காலி போடச் சொல்லித்தான் கேசையே கேட்டாரு."

விழுப்புரத்தில் சைக்கிளில் கோர்ட்டுக்குப் போன காலத்திலேயே, சிப்பாய்களின் மனைவிமாருக்காகச் சும்மாவே வாதாடியவர் என்பது வரை அடுக்கினாள். வக்கீல் அசந்துபோனார்.

"எனக்கே தெரியாததெல்லாம் சொல்லிக்கினு இருக்கியே."

"பேப்பர்ல வர்றதெல்லாம் வெட்டி வெச்சிக்கினு வர்றேன் சார். அவர மாதிரி நேர்மையான ஆள் கெடையாது." சொல்லும்போது பெருமையாக இருந்தது.

"கேமராவப் போடட்டுமா? மொகத்தப் பாத்தா எரக்கப்படுவாரு."

"வேணாம் சார். பேரப் பாத்தாப் போதும்."

ஏழாம் எண்ணை அழைத்தார்கள். நீதிபதி கட்டைப் பிரித்தார். முதல் பக்கத்தைத் தாண்டவே இல்லை. பக்கத்தில் இருந்த ராணுவ உறுப்பினர் திரும்பிப் பார்த்தார்.

"இந்த வழக்கை நான் விசாரிக்கப் போவதில்லை. வேறு பெஞ்சுக்கு மாற்றுங்கள்."

சவுரிராயன் தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சும்மா. இன்னும் ஆறு மாசம் இழுக்கும். வேண்டியவங்க கேசுன்னாதான் இப்படி ஒதுங்குவாங்க. நமக்கு எதுக்குன்னு தெரியலியே."

வேணி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "காரணம் சொல்லுவாரா சார்?"

"சொல்லணும்னு இல்லம்மா. சொந்தக் காரணம்னு மட்டும் சொல்லிட்டுப் போய்டலாம்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "காரணத்தையும் பதிவு செய்யுங்கள். மனுதாரர் வேணி என் மகள்."

வக்கீல் அவள் பக்கம் திரும்பினார். வேணி முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். சகாயராஜின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் போய் நின்ற அன்று, இதே குரல் "எனக்குப் பொண்ணே கெடையாது" என்று சொல்லி, விழுப்புரம் வீட்டுக் கதவைச் சாத்தி இருபத்திரண்டு வருஷமாகிறது.