ஏச்சில்லாத முற்றம்

மருதனார்மடச் சந்தைக்குப் போகிற வழியில் ஷெல் பட்டுச் செத்த மகனுக்கு நேற்றுத்தான் எட்டுச் செலவுப் படையல் முடிந்தது. முற்றத்தில் காலை வெயில் விழுந்து கிடக்கிறது. வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்த பக்கத்து வீட்டுப் பூரணத்தின் ஆடு, அவன் நட்ட முருங்கையின் தாழ்ந்த கிளையைச் சரசரவென்று உருவித் தின்கிறது. குசினி வாசலில் நிற்கிற மீனாம்பிகை, திண்ணையில் இருக்கிற புருஷனைப் பார்க்கிறாள். கதிரவேலுவின் வாய் ஊரறிந்த வாய். காகம் கரைந்தாலே ஏசுகிற மனிசன். ஆட்டின் பின்னால் ஓடிவந்த பூரணம், வாங்கப்போகிற ஏச்சுக்கு இப்போதே தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறாள். "கயித்தை அறுத்துக்கொண்டு வந்திட்டுது அண்ணை." கதிரவேலு ஆடு தின்கிறதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மீனாம்பிகை ஆடு கலைக்கிற பூவரசந்தடியை எடுத்துவந்து அவர் கையில் திணிக்கிறாள். "இஞ்சேருங்கோ, ஒருக்கா ஏசுங்கோவன்." அவர் தடியை வாங்குகிறார். மெல்ல எழும்பிப் போய், எட்டாத கிளையொன்றை அந்தத் தடியாலேயே வளைத்து ஆட்டின் வாய்க்குத் தாழ்த்திக் கொடுக்கிறார். "பசி போலை. தின்னட்டும்." மகனைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கும் அழாத மீனாம்பிகை, முற்றத்து மண்ணிலேயே இருந்து வாய்விட்டு அழத் தொடங்குகிறாள்.