அலமாரிக்குள் எதிரொலி

குரலில் எதிரொலி இருந்தது.

நேற்றுவரை இல்லை. அவள் ஹெட்போனைக் கழற்றி, காதைத் தேய்த்துவிட்டு, மறுபடி மாட்டிக் கேட்டாள். இருக்கத்தான் செய்தது. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் மெலிதாக ஒரு வால்.

நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். கவிதையைப் பேசி, அதற்குக் கணினியில் தானே இசையமைத்து, தானே வெளியிட்டு, பெரும்பாலும் தானே கேட்டுக்கொண்டிருந்தவளை ஏழு வருடத்தில் முதல்முறையாக ஒரு வானொலி அழைத்திருக்கிறது. நேரம் தாண்டினால் அந்த இடம் வேறொருவருக்கு. இன்னொரு தடவை கூப்பிடமாட்டார்கள்.

மணி ஒன்றரை.

அவளுடைய ஒலிப்பதிவுக்கூடம் படுக்கையறையின் துணி அலமாரி. ஒரு பக்கம் கணவனின் துணிகள், மறுபக்கம் அவளுடையவை, நடுவில் மைக். துணி சத்தத்தைக் குடித்துவிடும். அதிலும் அவனுடைய கனத்த குளிர்கோட்டுக்கு ஈடாக எந்தக் கடையிலும் எதுவும் கிடைக்காது என்பாள். பதிவு நடக்கும் வாரங்களில் அதைத் தொட விடமாட்டாள். போன குளிரில் அவன் வெறும் ஸ்வெட்டரோடு வேலைக்குப் போய், சளி பிடித்து, இருமியே இரண்டு பதிவுகளைக் கெடுத்தான்.

மருமகள் அலமாரிக்குள் உட்கார்ந்து பேசுகிற வேலை பார்க்கிறாள் என்று மாமியார் உறவுக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். பொய்யில்லை.

பதிவுக்கு முன் வீட்டின் வாயை அடைக்க வேண்டும். படுக்கையறைத் திரைச்சீலைகளை இழுத்து மூடியாயிற்று. ரீங்கரிக்கும் விளக்கை அணைத்தாயிற்று. மடிக்கணினியின் விசிறி இரையும் என்பதால் அது முன்னறையில், நீண்ட கேபிளின் மறுமுனையில் இருந்தது. நேற்றிரவு அதன் பக்கத்திலேயே, சோபாவில், தூங்கிப்போயிருந்தாள். காலையில் விழித்தபோது கணவன் கிளம்பிப் போயிருந்தான். வழக்கம்போல் சத்தமே இல்லை.

ஃப்ரிட்ஜையும் நிறுத்தியாயிற்று. முன்பெல்லாம் அதைத் திரும்பப் போட மறந்து வெளியே போய்விடுவாள், பால் திரிந்துவிடும். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். நிறுத்தும்போதே தன் வீட்டுச் சாவியை உள்ளே, முட்டைத் தட்டில், போட்டுவிடுவாள். சாவிக்காகத் திறந்தால் ஞாபகம் வந்தே தீரும்.

இன்றும் வானொலிக்காரர்களின் செய்தியைப் போனில் படித்தபடியே கையை நீட்டி உள்ளே போட்டாள். பிளாஸ்டிக் தட்டு, டொக்கென்றுதான் கேட்கும். இன்று கிணிங் என்றது. நல்ல சத்தமாக இருக்கிறதே, ஒருநாள் பதிவு செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது கேபிளை மாற்றினாள். மைக்கை இறக்கினாள். ஒன்றும் தெரியாத இருட்டில் தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு பேசிப் பார்த்தாள். எதிரொலி கொஞ்சம் குறைந்தது. மூச்சு முட்டியது.

பாட்டின் பெயர் ‘போகிறேன்’. ஒரு பெண் சண்டை போடாமல், சொல்லிக்கொள்ளாமல், வீட்டை விட்டுப் போகிறாள். அவ்வளவுதான். தாளத்துக்கு அவள் எந்த மேளத்தையும் தேடவில்லை. மாலையில் கணவன் வீடு திரும்பும்போது பூட்டில் அவன் சாவி திரும்பும் சத்தத்தைப் பதினோரு நாள் பதிவு செய்து, வெட்டி, ஒட்டி, ஓடவிட்டிருந்தாள்.

மூன்று வாரமாக அலமாரிக்குள்ளிருந்து ‘போகிறேன், போகிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே அவன், காலடி கேட்கக்கூடாதென்று சாக்ஸோடு நடந்துகொண்டிருப்பான். முந்தாநாள் அலமாரிக் கதவைத் திறந்து தேநீரை நீட்டியவன் உடனே போகாமல் நின்றான்.

“நெஜமாவே போகப் போறியா, இல்ல பாட்டுக்குத்தானா?”

“பாட்டுக்குத்தான். ஆனா கேக்கறவங்களுக்கு நெஜம்னு தோணணும்.”

தோன்றுகிறது என்றான். அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

அவனை விட்டுப் போகும் நினைப்பு அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அதையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குள் ஹெட்போனை மாட்டிவிட்டிருந்தாள்.

மூன்று மணிக்கு எதிரொலியோடு சமாதானம் செய்துகொண்டாள். போர்வையை உதறிவிட்டு, கண்ணை மூடி, முழுப் பாட்டையும் நிறுத்தாமல் பேசினாள். போட்டுக் கேட்டபோது, காலி வீட்டில் நின்று ஒருத்தி பேசுவதுபோல் இருந்தது. இந்தப் பாட்டுக்கு அந்தக் குரல்தான் சரி. இத்தனை நாள் வராதது இன்றைக்கு எப்படியோ வந்துவிட்டது.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினாள். உடனே பதில் வந்தது. பிரமாதம், இந்த வாரமே ஒலிபரப்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டை ஸ்பீக்கரில் சத்தமாக ஓடவிட்டாள். அவன் ஆறு மணிக்கு வந்துவிடுவான், அதற்குள் கடைக்குப் போய் இனிப்பு வாங்கி வந்துவிடலாம். இனி கோட்டை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று வந்ததும் முதலில் சொல்ல வேண்டும்.

ஃப்ரிட்ஜின் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரிந்தது.

முட்டைத் தட்டில் இரண்டு சாவிகள் இருந்தன.

வெளியே போகும் முன் அவள் தவறாமல் திறக்கும் இடம் அது ஒன்றுதான். ஒன்பது வருடம் கூட இருந்தவனுக்கு அது தெரியும்.

எதிரொலி எப்படி வந்தது என்று இப்போது புரிந்தது. அலமாரியைப் போய்ப் பார்க்கவில்லை.

முன்னறையில் பாட்டு முடிந்து மறுபடி ஆரம்பித்தது. அவள் கதவைத் திறந்தபடியே நின்றாள். பூட்டில் அவன் சாவி திரும்பிக்கொண்டே இருந்தது.