நாற்பது கிராம்

"அப்பா, மீட்டர்ல நூத்தி எழுபத்திரண்டு கிலோமீட்டர் கூடியிருக்கு" என்றாள் அனுசுயா.

கௌதமுக்குச் சுரீர் என்றது. மகளின் புதுச் சைக்கிள். சீட்டில் மாட்டும் பை தைக்க வண்டி பக்கத்திலேயே இருக்கணும் என்று யுவராணி கேட்டதால், கள்ளிக்குப்பத்தில் அவள் தையல் கடையில் பத்து நாளாக விட்டு வைத்திருந்தான். அளவெடுக்கக் கொடுத்த வண்டி ஊர் சுற்றியிருக்கிறது. ஹேண்டில்பார் முனையில் சிராய்ப்பு வேறு.

கடைக்குள் யுவராணியின் கணவன் திருவேங்கடம் துணியை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தான். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். வலது முழங்கையில் பெரிய கட்டு.

ஓட்டியது யார், விழுந்தது யார் என்று கேட்கவே வேண்டியதில்லை.

"முதல்ல பையைக் காட்டுங்க" என்றான் கௌதம், பல்லைக் கடித்துக்கொண்டு.

வரும் சனிக்கிழமை அப்பாவும் மகளும் ஆளுக்கொரு சைக்கிளில் பூண்டிக்குப் போகிறார்கள். அங்கே ஒரு நண்பரின் மாந்தோப்பில் கூடாரம் போட்டுத் தங்கல். அனுசுயாவுக்குப் பதிமூன்று வயது. இவ்வளவு தூரம் அவள் ஓட்டப்போவது இதுதான் முதல் தடவை. மிதிக்கச் சிரமப்படக் கூடாதே என்று கௌதம் எல்லாவற்றிலும் கிராம் கணக்குப் பார்த்தான். கேரியரைக் கழற்றிவிட்டான். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூடப் பாதியாக அறுத்துவிட்டான்.

யுவராணி பையை மாட்டிக் காட்டினாள். சீட்டுக்குப் பின்னால் வால் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும் கறுப்புப் பை. கௌதம் பிடித்து ஆட்டினான். இழுத்தான். கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். பை இம்மியும் நகரவில்லை, சைக்கிளோடு கூடவே பிறந்ததுபோல இருந்தது.

உள்ளுக்குள் அசந்துதான் போனான். கோபமாக வந்தவன் அதை வாய்விட்டுச் சொல்வானா?

கையோடு கொண்டுவந்திருந்த சமையலறைத் தராசில் பையைக் கழற்றி வைத்தான்.

"முந்நூத்தி நாப்பது. முந்நூறுக்குள்ள வேணும்னு சொன்னேனே?"

"சீட்டுல கட்டுற பட்டை கொஞ்சம் அகலமா வெச்சிக்கீறேன் சார்."

"ஒல்லிப் பட்டை போதும்னு எத்தனை தடவை சொன்னேன். நாப்பது கிராம்னா சும்மாவா? சரி, அதை விடுங்க. வண்டி நூத்தி எழுபத்திரண்டு கிலோமீட்டர் ஓடியிருக்கே, இது எந்த அளவு எடுக்கிறதுக்கு?"

திருவேங்கடம் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தான். "நான்தான் சார் ஓட்டினேன்."

"அதான் கட்டைப் பாத்தாலே தெரியுதே. சின்னப் பொண்ணு சைக்கிளை எடுத்துக்கிட்டு ஊர் சுத்த உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அனுசுயா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "போதும்பா."

யுவராணி தையல் மெஷினுக்கு அடியில் கையை விட்டு இன்னொரு பையை எடுத்துப் போட்டாள். அதே துணி, அதே வெட்டு. ஆனால் பட்டை அறுந்திருந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கிழிந்து, செயின் கிரீஸ் அப்பியிருந்தது.

"மொதல்ல தச்சது இதுதான் சார். நீங்க சொன்ன மாரியே முந்நூறு கிராம். இதையே குடுத்துட்டிருப்பேன். பாப்பா ஓட்டப்போவுதுன்னு சொன்னீங்க, அதான் மனசு கேக்கல. நீங்க குடுத்த சாமான் லிஸ்ட்டுல இருக்கிற வெயிட்டுக்கு, காலி பால் பாக்கெட்டுல மண்ண ரொப்பி உள்ள வெச்சேன். பூண்டி வரைக்கும் போயிட்டு வாய்யான்னு இவர அனுப்பினேன்."

"திருநின்றவூரு தாண்டி பட்டை அந்துபோச்சு சார்" என்றான் திருவேங்கடம். "பை சக்கரத்துல மாட்டிக்கினு ஆளத் தூக்கி ரோட்டுல போட்டுச்சு. நல்லவேள, பின்னால வண்டி எதுவும் வரல."

கௌதம் அந்தப் பட்டையைக் கையில் எடுத்தான். அவனே பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய ஒல்லிப் பட்டை. அந்த ரோட்டில் அந்தச் சைக்கிளில் அனுசுயாவை நினைத்துப் பார்த்தான்.

"அங்கேயே திரும்பியிருக்கலாமே?"

"மத்த தையல் தாங்குதான்னு பாக்கணுமே சார். பைய கயித்தால கட்டிக்கினு பூண்டி போய்ட்டு வந்துட்டேன்."

இப்படியும் மனுஷர்கள் இருக்கிறார்களா என்று கௌதமுக்குப் பிரமிப்பாக இருந்தது. கூடவே கூச்சமும்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா பாப்பா சைக்கிள ஓட்டக் குடுத்திருப்பீங்களா சார்?" என்றாள் யுவராணி.

கொடுத்திருக்க மாட்டான். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கணக்குப் பார்த்தே பழகிய வாய் ஆயிற்றே.

"பூண்டிக்குப் போக வர எண்பத்தாறுதானே வரும்? மீதி எண்பத்தாறு?"

யுவராணி தராசிலிருந்த புதுப் பையை எடுத்து அனுசுயாவின் கையில் கொடுத்தாள்.

"அது அந்தப் பைக்கு ஓட்டுனது சார். இந்தப் பையும் தாங்குதான்னு பாக்காம பாப்பாவுக்கு எப்பிடிக் குடுக்கிறது? கட்டு போட்ட கையோடவே நேத்து இன்னொரு வாட்டி பூண்டி போய்ட்டு வந்தாரு."