கரண்டு வரும் வரை

முத்துவீரனுக்கும் சேர்த்தே சீட்டுப் போட்டான் சின்னக்கருப்பு. பதின்மூன்று சீட்டும் கவிழ்ந்தபடி முத்துவீரனின் முழங்காலுக்கு முன்னால் வந்து விழுந்தன. மதுரையில் வைத்தியம் முடிந்து நேற்றுத்தான் ஊர் திரும்பியவன், இன்று மத்தியானமே சின்னக்கருப்பின் தோட்டத்து மோட்டார் ரூமில் வந்து உட்கார்ந்திருந்தான்.

"எடுடா மாப்ளே. டாக்டரம்மாவா இங்கன வந்து பாக்கப் போறாக?"

கூட உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். முத்துவீரன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான். சுவரில் இருந்த ஸ்டார்ட்டர் பெட்டியையே பார்த்தான். அதில் பல்பு எரிந்தால் கரண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். பாழாய்ப்போன பல்பு எரிகிற வழியாக இல்லை.

பண்ணைப்புரத்துச் சம்சாரிகளில் பலருக்கு இந்தப் பழக்கம் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் பாய்ச்சக் கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காத்திருக்கிற நேரத்துக்கு ஒரு ஆட்டம் என்று உட்கார்ந்தவர்கள், கரண்டு வந்து போனதுகூடத் தெரியாமல் ஆடினார்கள்.

முத்துவீரன் அதில் தலைகுப்புற விழுந்தவன். தோட்டத்தில் பாதி போனது. கடைசியில், பெற்ற பிள்ளையைப் போல வளர்த்த செவலைக் காளையும் இதே சின்னக்கருப்பிடம் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் ஒருநாள் டீக்கடையில் வைத்துச் சின்னக்கருப்பே வம்புக்கு இழுத்தான்.

"மதுரையில ஒரு டாக்டரம்மா சூதாட்டத்துக்கே வைத்தியம் பாக்குறாகளாம். ஒரு மண்டலம் அங்கன தங்கி வைத்தியம் பாத்துட்டு வா. வந்து, எங்ககூட மோட்டார் ரூம்ல கரண்டு வர்ற வரைக்கும் சீட்டைத் தொடாம உக்காந்திரு. செவலையை ஓட்டிட்டுப் போயிரு. தொட்டுட்டேன்னா கிணத்துப் பங்கு எனக்கு. பந்தயமா?"

பந்தயம் என்ற பிறகு முத்துவீரனால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அந்தக் கிணற்றுப் பங்கு, அவன் பெண்டாட்டி பவுனுக்கு அவள் அப்பன் சீதனமாகக் கொடுத்தது. அதுவும் போனால் மிச்சத் தோட்டம் காய்ந்து குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும். எல்லாம் தெரிந்தும் தலையாட்டினான்.

வீட்டுக்குப் போய், "மதுரைக்கு வைத்தியத்துக்குப் போறேன்" என்று மட்டும் சொன்னான். பவுனு ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. ஏற்கெனவே வேட்டியும் துண்டும் மடித்து வைத்த மஞ்சப்பை கதவோரம் இருந்தது. அதை எடுத்து அவன் கையில் கொடுத்து, "நல்லபடியா வாங்க" என்றாள்.

மதுரையில் முதல் சில நாள் செவலைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். சாராள் டாக்டரம்மா அவனைத் திட்டவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. "இது திமிர் இல்லப்பா, நோய். காய்ச்சல் வந்தா வெக்கப்படுவியா?" என்றார். தினமும் உட்காரவைத்துப் பேசினார். இவனைப் போலவே வந்திருந்த லாரி டிரைவரையும் பள்ளிக்கூட வாத்தியாரையும் பேசவைத்தார்.

செவலையைத் தோற்ற கதையைச் சொன்ன அன்றைக்கு முத்துவீரன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அதற்குப் பிறகு அவன் அங்கே தங்கியது காளைக்காக மட்டும் இல்லை. ஆனால் பந்தயத்தைப் பற்றி மட்டும் டாக்டரம்மாவிடம் வாய் திறக்கவில்லை. அவரோ, ஆடுகிற இடத்துப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

இப்போது சின்னக்கருப்பு, கவிழ்ந்து கிடந்த சீட்டுகளில் ஒன்றை விரலால் புரட்டிப் போட்டான். ஜோக்கர்.

"அடேயப்பா! தேடி வந்துருக்குடா. விட்ருவியா?"

 தொடைக்கு அடியில் முத்துவீரனின் விரல்கள் தானாக நெளிந்தன. ஒரே ஒரு ஆட்டம், ஒன்றே ஒன்று என்று உள்ளுக்குள் ஒரு குரல் கெஞ்சியது. அந்தக் குரல் கொஞ்ச நேரம்தான் கத்தும், அப்புறம் அதுவே ஓயும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கத்தித் தொலையட்டும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டான். வேர்வை காதோரம் வழிந்தது.

ஓயத்தான் செய்தது. அவன் கண்ணைத் திறந்து கொஞ்ச நேரத்தில் பல்பு எரிந்தது.

மற்ற இரண்டு பேரும் மோட்டாரைப் போட்டுவிட்டு மடை திருப்ப ஓடினார்கள். சின்னக்கருப்பு வெளியே போய், புளியமரத்தடியில் கட்டியிருந்த செவலையை அவிழ்த்துக்கொண்டு வந்தான். அது முத்துவீரனை மோந்து பார்த்துக் கையை நக்கியது. அவன் அதன் திமிலைத் தடவிக் கொடுத்தான், கயிற்றை மட்டும் வாங்கவில்லை.

"வேணாம் மச்சான். பந்தயத்துல ஜெயிச்சதைக் கொண்டு போயி வீட்ல கட்டுனேன்னா, நாளைக்கு அது இன்னொரு பந்தயம் கட்டச் சொல்லும். என்னைய எனக்குத் தெரியும்."

"உனக்கென்ன பைத்தியமாடா?"

"இருந்துச்சு. அதுக்குத்தானே மதுரைக்குப் போனேன்."

சொல்லிவிட்டுச் சின்னக்கருப்பின் பக்கத்தில் வந்தான். குரல் இறங்கியது.

"ஒண்ணு மட்டும் செய்யி மச்சான். நாம கட்டுன பந்தயம் பவுனுக்குத் தெரிய வேணாம். அவ அப்பன் குடுத்த கிணத்துப் பங்கை வச்சு விளையாண்டேன்னு தெரிஞ்சா, அவ தாங்க மாட்டா."

சின்னக்கருப்பு அவன் கையைப் பிடித்து இழுத்து, கயிற்றை அதில் வைத்து அழுத்தினான்.

"நீ சீட்டைத் தொட மாட்டேன்னு அந்தப் பங்கை வச்சு எங்கிட்டப் பந்தயம் கட்டுனதே பவுனுதாண்டா!"