சொட்டுத் தண்ணீர்

வீட்டுக் கூடத்தில் இருந்த கடல்நீர்த் தொட்டியில் காரத்தன்மை இறங்கியதைப் பார்த்துப் பதறிய ஜுலைகா, அதை ஏற்றும் தூளை ஒரேயடியாகக் கொட்டிவிட்டாள். ஆசை ஆசையாய் வளர்த்த பவளங்கள் தோலுரிந்து வெளுத்துச் செத்துப்போயின. வாரக்கணக்கில் தண்ணீரை மாற்றி மாற்றி, உப்பையும் சுண்ணாம்புச்சத்தையும் நிதானத்துக்குக் கொண்டுவந்தாள். பிறகு, உம்மா மௌத்தாகி அடக்கமான நாளிலிருந்து தன்னோடு பேச்சில்லாத தங்கை பரீதாவைப் போனில் கூப்பிட்டாள். முன்பு அவளுக்குக் கிள்ளிக் கொடுத்த ஒரு துண்டுப் பவளம் அவள் வீட்டுத் தொட்டியில் உயிரோடிருந்தது.

பரீதா அதிலிருந்து ஒரு கிளையை ஒடித்துத் தண்ணீர்ப் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். "இந்தா, தொட்டியில வச்சிரு. நான் வர்றேன்."

"அப்படியே போட்டா செத்துரும்டி. இந்தத் தண்ணி அதுக்குப் பழகணும்."

ஜுலைகா பையைக் கிண்ணத்தில் சரித்து, மெல்லிய குழாயைப் பொருத்தினாள். தொட்டித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கியது. இருவரும் கிண்ணத்துக்கு இருபுறமும் உட்கார்ந்தார்கள். கிண்ணம் பாதிகூட நிறையவில்லை.

"கொஞ்சம் வேகமா விடேன்."

"வேகமா விட்டுத்தான் எல்லாத்தையும் கொன்னேன்."

பரீதா அவள் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். "சாப்பிட்டியா லாத்தா?"

ஜுலைகா இல்லையென்று தலையாட்டினாள்.

கடைசியில் தொட்டிக்குள் பாறைமேல் வைத்த பவளம் மொட்டுப்போல் மூடியே இருந்தது. "விரியட்டும், பாத்துட்டே போறேன்" என்று பரீதா அடுப்படிக்குப் போய் உலை வைத்தாள்.